பிராங்கிளின் பாட்டில் ஒரு குறி

அன்புள்ள அம்மாவுக்கு,

ராயபுரத்தில் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

போன வாரம் எங்கள் டிடிபி கடைக்குச் சிலுவையம்மாள் அக்கா வந்தார். இறந்துபோன கணவர் பிராங்கிளின் ஒரு நோட்டில் எழுதிவைத்த பாட்டை, அவருடைய நினைவு நாள் பூசைக்கு அச்சடிக்க வேண்டுமாம். வரிகளை அடித்துவிட்டேன். இசைக்குறிகள் மட்டும் வெறும் கட்டங்களாகவே வந்தன. இரண்டு நாள் தேடி, அந்தக் குறிகளுக்கென்று உள்ள ஃபாண்டைக் கம்ப்யூட்டரில் போட்டதும் சரியாகிவிட்டது.

அச்செடுத்த பிறகுதான் கவனித்தேன். கடைசிச் சொல்லின் மேல் நான் போடாத ஒரு குறி இருந்தது. வளைவுக்குள் ஒரு புள்ளி. நீட்டிப் பாடு என்று அர்த்தமாம். நோட்டில் அது இல்லை.

அக்கா தாளைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"இத்த யாரும்மா உனுக்குச் சொன்னது? அவரு இந்த எடத்துலதான் இஸ்துகினே இருப்பாரு. நோட்டுல எழுதவேயில்லியே!"

"அழிச்சிடவாக்கா?"

"வாணாம்மா, இருக்கட்டும்."

பயப்பட ஒன்றுமில்லை அம்மா, கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும். அந்த ஃபாண்டை நேற்று நீக்கிவிட்டேன். திரையில் குறிகள் எல்லாம் மறுபடியும் கட்டங்களாகிவிட்டன, அந்த ஒன்றைத் தவிர.

தேங்காய் எண்ணெயும் உங்கள் பழைய சேலை ஒன்றும் அனுப்புங்கள். மதியம் கடையில் நான் தனியாக இருப்பேன். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் அப்போது போன் செய்யுங்கள்.

கடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகள்
ஜெசிந்தா