வாசலில் நின்ற எருதுத்தலையன்

மச்சான்,

கொச்சிக்கடைக் கோயில் திருநாளுக்கு இந்த முறையும் போயிருந்தேன். மெழுகுதிரி கொளுத்திவிட்டு வெளியே வந்தால் வீதியோரம் முழுக்கக் கடைகள். ஒரு கடையில் பிளாஸ்டிக் முகமூடிகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். பறக்கிற வீரர்களின் முகங்களெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன. கொம்பு வைத்த முகம் ஒன்று மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்ட கடைக்காரி, "அது போகாது ஐயா. கெட்டவன்ட மூஞ்சிய ஆரு வாங்குவாங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அவளோடு அரை மணித்தியாலம் வாதாடியிருப்பாய்.

வீட்டுக்கு வந்ததும் மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியாததா? நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் வாய்ப்பேச்சை அப்படியே போடாமல் புத்தகத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் வருகிற கடிதம், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரட்டும்.

நீ முதல்முதலாக நாங்கள் கூடுகிற தேத்தண்ணிக் கடைக்கு வந்தது யுத்த காலத்தில். துறைமுக வாசலுக்கு எதிரே அந்தக் கடை. தோளில் துணிப்பை, கையில் பென்சில், ஒல்லி உடம்பு. துறைமுகத்துக்கு முன்னால் குந்தியிருந்து படம் கீறுகிறவனை அந்த நாட்களில் யார் சும்மா விடுவார்கள்? துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்த செபஸ்தியான் அண்ணைதான் முதலில் எழுந்து வந்தார்.

"தம்பி, என்ன கீறுறாய்? கேட்டையா? கப்பலையா? எங்களையும் சேத்து உள்ள தள்ளப் போறியா?"

"இல்ல அண்ணை. நான் ஒரு முதுகு தேடி வந்தனான்."

கடை முழுக்கச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. மூட்டை சுமந்து பழகிய முதுகும் மாட்டுக் கழுத்தும் உள்ள ஒரு ஆள் வேண்டும் என்று மரியாதையாக விளக்கினாய். எல்லாக் கைகளும் என் பக்கம் நீண்டன. "இந்தா இருக்குது மாடு. புல்லு மட்டும் நீ வாங்கிக் குடுத்தாச் சரி" என்றார் செபஸ்தியான் அண்ணை. அன்றைக்கே என்னை வாங்குப் பலகையில் திரும்பி உட்காரவைத்துக் கீறினாய். தேத்தண்ணி ஆறிப்போனது. உனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் தொழில் எனக்கு விளங்கியது. கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்திலிருந்து பிள்ளைகளுக்கான சித்திரக்கதைத் தாள் வாரந்தோறும் வந்தது. அதில் நடுப்பக்கம் உன்னுடையது. சிவப்பு மேலங்கி போட்ட வான்வீரன் பறந்து வந்து வாரம் ஒரு கெட்டவனை அடித்து வீழ்த்துவான். கெட்டவர்களை நீ கிரேக்க நாட்டுப் பழங்கதைகளில் இருந்து எடுத்தாய். வெள்ளவத்தையில் நீ வாடகைக்கு இருந்த அறையில், தலையணைக்குப் பக்கத்தில், அட்டை கிழிந்த ஓர் இங்கிலீசுப் புத்தகம் எப்போதும் கிடக்கும்.

கெட்டவர்களை நீ நடத்திய விதமே வேறு. தலைமயிரெல்லாம் பாம்பாக உள்ள ஒருத்தி, அவள் பார்த்தவர்கள் கல்லாகிப் போவார்கள். எல்லோரும் அவளைப் பல்லும் நகமுமாகக் கீறுவார்களாம். நீயோ அவள் விடியற்காலையில் எழும்பி ஒவ்வொரு பாம்புக்கும் முட்டை ஊட்டுவதைக் கீறினாய். தெருவில் குழந்தை ஒன்று ஓடிவரும்போது அவள் இரண்டு கையாலும் தன் கண்ணைப் பொத்திக்கொள்கிற ஒரு படம் இருந்தது. அதைப் பார்த்த என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தாள்.

வானத்தைத் தோளில் சுமக்கிறவன் ஒருவன் வந்தான். தேவர்களோடு சண்டை போட்டுத் தோற்றதற்கு அவனுக்கு அந்தத் தண்டனை. எங்கள் ஆட்களுக்கு அவனைக் கண்டதும் கண்ணீர் வராத குறை. "இவனுக்கு மாத்தாள் இல்லையா?" என்று கேட்டார் செபஸ்தியான் அண்ணை. "இல்லை அண்ணை, ஒருநாளும் இல்லை" என்றாய். "அப்ப இவங்களுக்கு யூனியன் இல்லப் போல." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அடுத்த வாரத் தாளில் அவன் பக்கத்து மலையைப் பார்த்து, "மாத்தாள் எங்கே?" என்று கேட்பதாக எழுதியிருந்தாயாம். செபஸ்தியான் அண்ணை அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

உன் வேலைப் பழக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சொற்களை எழுதுவதற்கு முன் வெறும் படங்களாகவே பக்கங்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாய். "எழுத்து இருந்தா எழுத்தே எல்லாத்தையும் சொல்லிப்போடும் மச்சான். உனக்கு அது வராதுதானே? படம் மட்டும் என்ன சொல்லுது எண்டு சொல்லு." வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். நீ சொன்னபோது எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

எருதுத்தலையனின் கதையை நீ கொண்டுவந்தது மழைக்காலத்தில். எருதின் தலையோடு பிறந்த ஓர் இளவரசன். வெட்கப்பட்ட தகப்பன் அவனை வெளியே வர வழி தெரியாத ஒரு சிக்கலான கட்டடத்துக்குள் அடைத்துவிட்டான். வான்வீரன் அவனைக் கொல்ல வருகிறான். இதெல்லாம் நீ பிறகு சொன்னது. அன்றைக்கு நான் கண்டது படங்களைத்தான். ஒருவன் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நித்திரையாக இருக்கிறான். முதுகு என் முதுகு. மேலங்கிக்காரன் ஒருவன் கதவை உதைத்து உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறான்.

நான் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "மற்றக் கெட்டவங்கள் எல்லாம் பாவமா இருந்தாங்கள். இந்த மேலங்கிக்காரன்தான் சரியான காவாலி. ஆம்பிளை ஒருத்தன் நித்திரை கொள்ளுற வீட்டுக் கதவை ஏன்டா உடைக்கிறான்?"

"மச்சான், அவன்தான் வான்வீரன். அவன்தான் நல்லவன்."

"சிவப்புச் சாயம் இன்னும் பூசேல்லயே, எனக்கென்ன தெரியும்? கதவை உடைக்கிறவன் நல்லவன் எண்டு எங்கட ஒழுங்கை வீடுகளில ஆரையும் நம்பவைக்க ஏலாது."

முதலில் நீ சிரித்தாய். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோனது. உன் அறைக் கதவையும் படையினர் ஒரு சோதனையின்போது உடைத்திருந்தார்கள். நீ அதைப் பலகை அடித்து ஒட்டி வைத்திருந்தாய். நானே சுத்தியல் பிடித்து உதவினவன். அந்த நினைவில் நான் அதைச் சொல்லவில்லை, வாயில் வந்தது. நீ பக்கங்களைச் சுருட்டிக்கொண்டு மழையிலேயே பஸ் ஏறிப் போனாய்.

அடுத்த கிழமை வந்தபோது கதை மாறியிருந்தது. வான்வீரன் இப்போது கதவைத் தட்டினான். உள்ளே போய் வழி தவறினான். சுவருக்குச் சுவர் முட்டி, பறக்க இடமில்லாமல், பயந்துபோய் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தேடி வந்தது எருதுத்தலையன். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையும் தெரிந்தவன் அவன்தானே. வீரனைக் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தான். கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"முதலாளி வெட்டச் சொல்லுறார்" என்றாய்.

அச்சக முதலாளி மோசமான ஆள் இல்லை, பயந்த ஆள். அவர் சொன்னதை நீ அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினாய். "தம்பி, காலம் சரியில்லை. அடைபட்டுக் கிடக்கிறவனுக்கு இரங்கிப் படம் போட்டா, இவன் ஆர், எந்தப் பக்கம் எண்டு ஒருத்தன் வந்து கேப்பான். நான் என்ன சொல்லுறது? வாசல்ல வைச்சு வெட்டி முடி. இல்லாட்டிப் பக்கத்தை வேற ஆளிட்டக் குடுக்கிறன்."

"வெட்டப் போறியா?"

"வெட்டினா நான் வேலையில இருப்பன். வெட்டாட்டி இவன் உயிரோட இருப்பான்."

உனக்கு வேறு வருமானம் இல்லை. ஊருக்குப் போகப் பாதை இல்லை. வெள்ளவத்தை அறையும் அந்த நடுப்பக்கமும்தான் உன் உலகம். நீயே பென்சிலை எடுத்துக் கூராக்கிக்கொண்டு கேட்டாய்: "கப்பல்ட அடித்தட்டில இருந்து மேல ஏறி வரேக்க நீங்கள் எப்பிடி வருவீங்கள்?"

எழுந்து நடந்து காட்டினேன். சரக்கறை இருட்டில் பகல் முழுக்கக் கிடந்துவிட்டு மேலே வந்தால் வெயில் முகத்தில் அடிக்கும். கை தானாக நெற்றிக்குப் போகும். முதுகு உடனே நிமிராது. ஒரு கால் வெளியே வரும், மற்றக் கால் யோசிக்கும். நீ அப்படியே கீறினாய். எருதுத்தலையன் வாசற்படியில் நின்றான், ஒரு கால் வெளியே, கை நெற்றியில். வீரன் வெளியே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

நீ பென்சிலைக் கீழே வைப்பதற்குள் பக்கங்கள் கடைக்குள் கைமாறத் தொடங்கிவிட்டன. எழுத்து இல்லாததால் யாரும் யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. "ஆரப்பா இவனை அடைச்சது?" என்றார் செபஸ்தியான் அண்ணை. "தகப்பன்" என்றாய். "அப்ப வீரனை அங்க அனுப்பு!" மருதானையில் இருந்து வேலைக்கு வருகிற கிரேன்காரன் குணே அய்யே கடைசிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடவே இல்லை. "மூ நரக்க எகெக் நெவெய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இவன் கெட்டவன் இல்லை, இவன் கெட்டவன் இல்லை என்று. அந்தக் காலத்தில், அந்த வாசலுக்கு எதிரே, ஒரு சிங்களவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி தாள்கட்டுகளோடு கடைக்குள் வந்தார். கடைகளுக்குத் தாள் போடுவது அவர் வழக்கம். தன் பக்கங்கள் தேத்தண்ணி மேசையில் கிடப்பதைக் கண்டு அவர் முகம் கறுத்தது. ஆனால் வாய் திறக்க விட்டால்தானே?

"முதலாளி, இது எப்ப வருது? என்ர மகளுக்கு வேணும்" என்றார் செபஸ்தியான் அண்ணை.

குணே அய்யே படத்தை அவருக்கு நேரே நீட்டி, இவன் வெளியே வருகிறானா இல்லையா என்று சிங்களத்தில் கேட்டான். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கையை ஏன் இப்பிடி வைச்சிருக்கிறான்?"

நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னேன்: "வெளிச்சம் கூசுது முதலாளி. இருட்டுக்குள்ள கிடந்து வாறவன்தானே."

அவர் பக்கங்களைச் சேர்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். உனக்கு வேலை இருக்கிறதா, எருதுத்தலையனுக்கு உயிர் இருக்கிறதா, எங்களுக்குத் தெரியவில்லை. நீ அடுத்த சில நாட்கள் கடைப்பக்கமே வரவில்லை. தாள் வந்த அன்று செபஸ்தியான் அண்ணை கட்டை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கயிற்றைப் பல்லால் கடித்தார். நடுப்பக்கம் அப்படியே இருந்தது. வாள் இல்லை, இரத்தம் இல்லை. கடைசிக் கட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. மூலையில் உன் பெயர் இருக்கிறது என்று செபஸ்தியான் அண்ணை விரலால் காட்டினார்.

அந்த ஞாயிறு என் மகன் கோயிலில் எருதுத்தலையனுக்காகவும் ஒரு திரி கொளுத்த வேண்டும் என்று அடம்பிடித்தான். கொளுத்தினோம். உன்னிடம் சொன்னபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். எனக்கோ நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறிக்கும் போல இருந்தது.

பிறகு தாள் நின்றது. நீ இரத்மலானைப் பக்கம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினாய். யுத்தம் முடிவதைக் காண உன் நெஞ்சு வலி விடவில்லை. உன் சவப்பெட்டியைத் தூக்கிய தோள்களில் ஒன்று என்னுடையது. மூட்டை சுமந்த காலத்தில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

அந்தத் தாளில் ஒரு பிரதிகூட இப்போது யாரிடமும் இல்லை. மகன் எங்கெல்லாமோ தேடிப் பார்த்தான். எனக்கு அது தேவையில்லை. எந்தக் கட்டத்துக்குப் பிறகு எது, எதில் நிழல் இடப்பக்கம் விழுகிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். கிளினிக்கில் இலக்கம் வரும்வரை பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுவேன். தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பேன். போன மாதம் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்க வந்த ஒரு சிங்கள அம்மா, தன் இலக்கத்தைக் கூப்பிட்டும் எழும்பவில்லை. தாதி மறுபடியும் கூப்பிட்டாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"சொல்லுங்க, அவன் வெளிய வந்தானா?"

"வந்தான்" என்றேன், மச்சான். "நான் கண்டேன்."