எங்கள் தெருவுக்காக நான் சொன்ன நன்றி

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் நேசக்குமாருக்கு அம்மா கிருபை எழுதிக்கொள்வது. கர்த்தர் இந்த நாள்வரை எங்களைச் சுகமாக நடத்திவருகிறார், கடலுக்கு அந்தப் பக்கம் உன்னையும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் அப்படியே காக்கும்படி காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம். எழுத்து என்னுடையது இல்லை என்று பார்த்ததும் பதறாதே. துவைக்கிற கல்லடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது, வலி இப்போது இல்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி பெர்சி எழுதுகிறாள். ப்ளஸ் ஒன் போனதிலிருந்து அவளுக்குக் கொச்சையாக எழுதக் கை வராது, நான் வாய்க்கு வந்தபடி சொல்வதை எல்லாம் நல்ல தமிழாக்கித்தான் தாளில் வைக்கிறாள், அதனால் இது பாடப்புத்தகம் மாதிரி இருந்தால் அவளைத் திட்டு. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டபோது எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னேன், அது உண்மை இல்லை. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அதுவும் போக, போனில் சொன்னால் "விடுங்கம்மா, இதெல்லாம் ஒரு விஷயமா" என்று நீ முடித்துவிடுவாய், நானும் அதைக் கேட்டு ஆறிவிடுவேன். எனக்கு ஆறக் கூடாது. அதனால்தான் லீவு முடிந்து மாலத்தீவுக்குத் திரும்புகிற டேவிட்சன் சாரிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவுக்குப் பிரஷர் பரவாயில்லை, உப்பைக் குறைக்கச் சொன்னால்தான் கோபம் வருகிறது. மொட்டைமாடித் தொட்டி கசிந்தது, அடைத்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊருக்கான பெருந்திட்டத்தை மறுபடியும் பார்க்கிறார்கள், அதாவது எந்தப் பக்கம் வீடு கட்டலாம், எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எது விவசாயம் என்று முன்னே பிரித்து வைத்ததை எல்லாம் மாற்றுகிறார்கள். வரைபடத்தில் வீட்டுக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. இதைப் பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்று போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நம் தெருப் பெண்கள் எல்லாரும் போனோம், நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் என்பதால் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையானவர், திரையில் படத்தைப் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார், பாதி இங்கிலீஷ். சோன் என்றார், பஃபர் என்றார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை, ஆனால் ரிட்டயர்டு டீச்சர் ஆயிற்றே, புரிகிற மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். உப்பளத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எழுந்து சத்தம் போட்டார்கள், மைக்கைப் பிடுங்கப் பார்த்தார்கள். நம் தெருக்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, நம் முறை வரும் என்று காத்திருந்தோம். கடைசியில் அந்த அதிகாரி, அம்மாமார் யாராவது ஒருத்தர் பேசுங்களேன் என்று மைக்கை நீட்டினார், என் கைக்குத்தான் வந்தது.

நேசக்குமார், நான் என்ன பேசியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா ஆகட்டும், கோயிலில் கன்வென்ஷன் ஆகட்டும், நன்றியுரை என்றால் கிருபை டீச்சர்தான். நம் ஆட்களுக்கு ஒரு கூட்டம் நன்றி சொல்லாமல் கலைந்தால் சாப்பிட்டுக் கைகழுவாமல் எழுந்த மாதிரி இருக்கும். என் வாய் தானாக ஓடியது. சிரமம் பாராமல் வந்து விளக்கிய அதிகாரிகளுக்கும், இந்த நல்ல திட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்கும், எங்கள் தெரு சார்பிலும் சங்கத்தின் சார்பிலும் மனமார்ந்த நன்றி என்று சொன்னேன். இடம் கொடுத்த மண்டபத்துக்காரருக்கும் டீ கொடுத்தவர்களுக்கும்கூடச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். அதுவரைக்கும் சண்டையாக இருந்த இடம், நான் பேசியதும் கூட்டம் நல்லபடியாக முடிந்தது என்று எனக்கு ஒரே பெருமை. வருகிற வழியில் பெர்சி, எதுக்கும்மா நம்ம தெரு படத்துல ஊதாவா இருந்துச்சு என்று கேட்டாள். ஏளா, பெரியவங்க பேசுத இடத்துல ஒனக்கென்ன, சும்மா வா என்று அவள் வாயை அடைத்தேன்.

(அண்ணா, இது பெர்சி. நான் திரையை அப்பா போனில் படம் எடுத்திருந்தேன். தண்ணீர்த் தொட்டியையும் நம் கோயிலையும் வைத்துப் பார்த்தால், மேலத் தெருவோடு மஞ்சள் நின்றுவிடுகிறது, நம் தெரு முழுவதும் கன்டெய்னர் யார்டுகளோடு சேர்ந்து ஊதாவாகிவிடுகிறது. அன்றைக்கே அம்மாவை நிறுத்தி வைத்துக் காட்டியிருக்கலாம். அம்மா திட்டியதும் நானும் விட்டுவிட்டேன்.)

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அடுத்த வீட்டு ஹில்டா மாடி கட்ட மனு கொடுத்திருந்தது உனக்குத் தெரியும், அவள் மகள் ஜாய்க்கு ஈஸ்டர் கழித்துக் கல்யாணம், பெண்ணும் மாப்பிள்ளையும் மாடியில் இருப்பதாகப் பேச்சு. அனுமதி வந்தால்தான் பாங்கில் லோன், ஜல்லியும் எம்சாண்டும் வாசலில் கொட்டிக் கிடக்கின்றன. அந்த மனு திரும்பி வந்துவிட்டது, இந்த இடம் தொழிற்சாலைக்கு மாறப் போகிறது, முடிவாகும்வரை வீட்டுக்கு அனுமதி கிடையாது என்று. ஹில்டாவும், எதிர்வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிற காயல்பட்டினத்து ராஹிலாவும் அந்த ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள். உங்கள் தெருவிலிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லையே, ஒரு அம்மா எழுந்து தெரு சார்பில் ஆதரவுதானே தெரிவித்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஹில்டா வந்தாள், கேட்டைத் திறக்கவில்லை, வெளியே நின்றே பேசினாள். யக்கா, நன்றி சொல்லுததுக்கு ஒங்களுக்கு நாக்கு இருந்துச்சு, அது என்னன்னு கேக்கதுக்கு இல்லாமப் போச்சாக்கும் என்றாள். நான் உள்ளே வா ஹில்டா என்றேன். இனி உள்ள வந்து என்ன செய்ய, எம் பிள்ள இருக்கதுக்கு மாடிய நீங்க கட்டித் தருவியளா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இதோடு நின்றிருந்தால் அறியாமல் செய்தேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு வெட்கம். அன்றைக்கு இரவு பெர்சியின் படத்தை எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். நம் தெரு ஊதாவாக இருப்பதைப் பார்த்து நான் தலையில் கைவைத்தேன். அப்போது அப்பா விரலை நகர்த்தி புறவழிச்சாலைப் பக்கம் காட்டினார்கள். நீ போன வருஷம் உன் பெயரில் வாங்கிப் போட்டாயே அந்த நிலம், பச்சையாக இருந்தது மஞ்சளாகிவிட்டது. வீட்டுமனையாகப் போகலாம். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது, நேசக்குமார். ஸ்தோத்திரம் என்றுகூடச் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்தால், ஜன்னலுக்கு வெளியே ஹில்டாவின் ஜல்லிக் குவியல் தெரிகிறது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது, ஆனால் இருந்தது. அதை நான் இல்லை என்று சொல்ல முடியாது. பெர்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் மகன் மனைக்கு விலை ஏறத்தான் டீச்சர் நன்றி சொன்னாவ என்று பேசிக்கொள்கிறார்கள். கோயிலில் எல்லாருக்கும் சோறு போடுகிற அசனத்துக்கு முந்தின நாள் காய் நறுக்க எப்போதும் நம் முற்றத்தில்தான் கூடுவார்கள், அரிவாள்மணையும் தாம்பாளமுமாக மத்தியானமே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வருஷம் ஒருத்தரும் வரவில்லை, கேட்கவும் இல்லை. கோயில் பின்பக்கம் கூடியிருக்கிறார்கள் என்று தெரிந்து நானே கட்டுப்போட்ட கையோடு போனேன். கத்தரிக்காய்க் குவியலுக்கு நடுவிலிருந்து ஒருத்தி, எளா, நன்றி சொல்லுத டீச்சர் வந்துட்டாவ, ஒரு மைக்க எடுத்துக் குடுங்களா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஹில்டா மட்டும் சிரிக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இடம் விடுவதற்கு யாரும் நகரவில்லை. கை இப்படி இருக்கையில் என்னால் என்ன நறுக்க முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் பந்தியில் ஜாதி வித்தியாசம் இல்லாமல், ஏழை பணக்காரன் இல்லாமல் எல்லாரும் ஒரே சோறு சாப்பிடுகிறோம் என்று குருவானவர் ஐயர் பிரசங்கம் பண்ணினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா, வாய மூடிக்கிட்டு இரு, நாலு நாள்ல எல்லாம் மறந்துருவாவ என்கிறார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. ஆட்சேபணை கொடுக்க இன்னும் நாள் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமை நேரில் விசாரிக்கிறார்களாம். ராஹிலாதான் தெருவில் வீடு வீடாகப் போய் எழுதி வாங்குகிறாள். நம் வீட்டை மட்டும் தாண்டிப் போனாள். நானே அவள் வீட்டுக்குப் போய், நானும் வருகிறேன், நான் சொன்னதை நானே இல்லை என்று சொல்கிறேன் என்றேன். மெஷினிலிருந்து காலை எடுக்காமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாங்க டீச்சர், அல்லா காரியமா வாங்க, ஆனா அங்கன போயி மதிப்புக்குரிய அதிகாரி அவர்களேன்னு மட்டும் ஆரம்பிச்சிராதிய என்றாள். அவள் என்னிடம் அப்படியாவது பேசினாளே என்று இருந்தது.

சனிக்கிழமை.

செவ்வாயன்று அதோடு நிறுத்தினேன். நேற்று போய் வந்தாயிற்று. அதே அதிகாரிதான் இருந்தார், என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, வாங்கம்மா, அன்னைக்கு ரொம்ப நல்லாப் பேசினீங்க என்று நாற்காலியைக் காட்டினார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் உட்காரவில்லை. சார், அன்னைக்கு நான் பேசினது பழக்கத்துல வந்தது, படத்த நான் சரியாப் பாக்கல, தெரு சார்புல பேசச் சொல்லி யாரும் என்னை அனுப்பவும் இல்ல, அந்த நன்றிய சம்மதம்னு எழுதியிருந்தா அதை அடிச்சிருங்க என்றேன். மூன்று நாளாகப் பெர்சியிடம் ஒப்பித்துப் பார்த்தது. பிறகு, யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னேன். புறவழிச்சாலைப் பக்கம் என் மகன் பெயரில் நிலம் இருக்கிறது, இந்தத் திட்டத்தில் அதற்கு மதிப்புக் கூடுகிறது, அது எனக்கு அன்றைக்குத் தெரியாது, தெரிந்ததும் சந்தோஷப்பட்டேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அப்பம் தெருவுல சொன்னதெல்லாம் நெசந்தான் என்று ஒரு ஆண் குரல் கேட்டது. எனக்குக் காதெல்லாம் எரிந்தது. உன் பெயரைச் சபையில் இழுத்ததற்கு நீ என் மேல் கோபப்பட்டால் அது நியாயம்தான்.

எனக்குப் பிறகு ஹில்டா பேசினாள். ஊதாக்குள்ள மனுசங்க இருக்கோம் சார், எங்க தெருவுல ராத்திரி லாரி திரும்புனா கட்டில் ஆடுது, இனி வாசல்லயே யார்டு வந்தா நாங்க எங்கன போவ என்று கேட்டாள். நன்றாகப் பேசினாள், நான் அன்றைக்கு மைக்கை அவளிடம் கொடுத்திருக்க வேண்டும். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், தெருவை நேரில் வந்து பார்க்கிறேன் என்றார், மாற்றுவேன் என்று சொல்ல என்னால் ஆகாது, எல்லா ஆட்சேபணையையும் சேர்த்துத்தான் முடிவு, மாதங்கள் ஆகும் என்றார். ஈஸ்டருக்குள் ஆகாது. ஜாயின் கல்யாணம் தள்ளுமோ, அந்தப் பிள்ளைகள் வாடகைக்குத்தான் போவார்களோ தெரியவில்லை. திரும்பி வருகையில் ராஹிலா எங்கள் எல்லாரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினாள். ஹில்டா எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் டிரைவர் அண்ணாச்சியோடு போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது மட்டும் என் கட்டைப் பார்த்து, எப்பம் அவுப்பாவ என்று கேட்டாள். அடுத்த வாரம் என்றேன். சரி என்று போய்விட்டாள்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. தரகர் செந்தூர்பாண்டியிடம் அப்பா உன் நிலத்தைப் பற்றி வாய்விட்டுவிட்டார்கள். அவர் ஒரு பார்ட்டியைப் பிடித்து வைத்திருக்கிறார், உனக்கு வாட்ஸ்அப்பில் பேசுவார். நல்ல விலைதான் வரும். பெர்சியின் காலேஜ் படிப்புக்கு ஆகும் என்று அப்பா சொல்வதும் பொய் இல்லை.

(அண்ணா, என் காலேஜை இதில் எழுத வேண்டாம் என்று சொன்னேன். எழுதாவிட்டால் பாதியை மறைத்த மாதிரி ஆகும், எழுது என்கிறாள் அம்மா. அதனால் எழுதியிருக்கிறேன்.)

நிலம் உன்னுடையது, வெயிலில் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு அலைந்து சம்பாதித்தது. விற்காதே என்று உத்தரவு போட எனக்கு வாயில்லை. ஆனால் நம் தெருக் காரியம் முடிவதற்கு முன்னால் நீ அதை விற்றால், அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னது உண்மையாகிவிடும், அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்தில் எழுந்து என்ன சொன்னாலும் அவர்கள் சொன்னதுதான் உண்மையாக நிற்கும். யோசித்து முடிவு செய். அப்பாவோடு சண்டை போடாதே, அவர்களும் நம் பிள்ளைகளுக்காகத்தான் பார்க்கிறார்கள். மீனை மட்டும் தின்று காலம் தள்ளாமல் ஏதாவது கீரை கிடைத்தால் வாங்கிச் சமை, ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடாதே, ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்தாலும் வேதம் வாசி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. விற்பதென்று நீ தீர்மானித்தால், செந்தூர்பாண்டியிடம் சரி என்று சொல்வதற்கு ஒரு நாள் முன்னால் எனக்குச் சொல்லிவிடு. ஹில்டா அதை அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது. நானே அவள் வாசலுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

உன் மேல் நீங்காத அன்புள்ள அம்மா,
கிருபை தேவபிரசாதம்.
(சொல்லக் கேட்டு எழுதியது, பெர்சி)