சரி, அடுத்தது

என் கண்ணான மருமகளுக்கு,

மேல்படிப்பு நுழைவுத் தேர்வை எழுதப்போவதில்லை என்றாயாம். உன் அம்மா சொல்லி அழுதார். உன்னைக் கட்டாயப்படுத்த நான் எழுதவில்லை.

நீ சமைத்துக்கொண்டே படிக்கலாம் என்று என் மகன் கேள்விகளைப் பேசிப் பதிந்துவைத்த போன் இங்கேயே இருக்கிறது. அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அடுப்படியில் அதை ஓடவிடுகிறேன். ஒரு கேள்வி கேட்பான். நீ பதில் சொல்லக் கொஞ்ச நேரம் விடுவான். பிறகு, "சரி, அடுத்தது" என்பான். எனக்கு ஒரு மண்ணும் புரியாது. குரல் போதும்.

நேற்று அந்த இடைவெளியில் வாய் தவறி, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"சரி, அடுத்தது" என்றான். சாப்பாட்டுப் பேச்சென்றால் எப்போதும் இப்படித்தானே நழுவுவான்! சிரிப்பே வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் நான் பேச, அவன் சரி என்றான்.

கடைசியில், "நானும் உன்கிட்டயே வந்துடட்டுமா?" என்றேன்.

அதற்கும் சரி என்றான்.

போனை அணைத்துவிட்டேன். ஆனால் கை மறுபடி அங்கேதான் போகிறது. தேர்வு எழுது, எழுதாமல் போ. நாளைக்கே வந்து அந்தக் கேள்விகளுக்குச் சரியான பதிலைச் சொல்லம்மா. எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தை