கறுப்புக் கட்டத்துக்குள் ஆறாம் டான்

ரூசே,
11 மார்ச் 1994

அன்பு மகன் பிளாமெனுக்கு,

உன் அப்பா உயிரோடுதான் இருக்கிறார். இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் உன்னை நலம் விசாரிப்பதைக்கூடத் தள்ளி வைத்தேன். ஜூடோ சங்கத்திலிருந்து உனக்கு ஓர் இரங்கல் கடிதம் வரும். இதற்குள் வந்தும் இருக்கலாம். கூடவே சங்கப் பத்திரிகை வரும். மூன்றாம் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு அப்பாவின் படம் இருக்கும். நம்பாதே. நான் இதை எழுதும்போது அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, பீன்ஸ் சூப்பில் உப்பே இல்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். உப்பு கூடாது என்று சொன்ன டாக்டரைத் திட்ட அவருக்குத் தைரியம் இல்லை.

நீ எப்படி இருக்கிறாய்? ஸ்டுட்கார்ட்டில் குளிர் விட்டதா? இரவு வேலையை மாற்றிக் கேட்டாயா? நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அப்பாவுக்கு இரண்டு சுற்றுப் பெரிதாக இருக்கிறது. மனிதர் அவ்வளவு இளைத்துவிட்டார்.

அவர் செத்துவிட்டதாகச் சங்கத்துக்குச் சொன்னது நான்தான். பதறாமல் படி.

இலையுதிர் காலத்திலேயே அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று எழுதியிருந்தேன். வாரத்துக்கு மூன்று நாள் ஆம்புலன்ஸ் வந்து அழைத்துப் போகும். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் நாலு மணி நேரம் படுத்துவிட்டு, துவைத்துப் பிழிந்த துணியாகத் திரும்பி வருவார். பிப்ரவரியில் மெஷினும் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டு, "ரெண்டு வாரம் தாண்டினா பெரிய விஷயம், மனசத் தேத்திக்கோங்க" என்றாள். உள்ளே போனால், இந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பத்திரிகை வந்துவிட்டதா?

அவருடைய பத்திரிகைப் பைத்தியம்தான் உனக்குத் தெரியுமே. அட்டையைப் பார்க்க மாட்டார், கட்டுரை படிக்க மாட்டார். நேராகக் கடைசிக்கு முந்தின பக்கம், பதவி உயர்வுப் பட்டியல். பதினோரு வருடமாகக் கறுப்புப் பட்டையின் ஐந்தாம் படியில், ஐந்தாம் டானிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆறாம் டானின் சிவப்பு வெள்ளைப் பட்டையை ஒரு தரமாவது கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை. நானும் நீயும் அந்தப் பட்டைக்கு அடுத்தபடிதான். இதில் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

தலைவர் லியூபென் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறான் என்பது ஊருக்கே தெரியும். அவனும் ஐந்தாம் டான். அப்பா ஆறாகிவிட்டால் சங்கக் கூட்டத்தில் முதல் ஆளாக அவர் உட்கார வேண்டும், லியூபென் எதிரே மண்டியிட்டுத் தலை குனிய வேண்டும். அறுபத்தொன்றில் நகரப் போட்டியில் அப்பா அவன் கழுத்தை நெரித்தபோது, தோற்றேன் என்று பாயைத் தட்ட மனம் வராமல் மயங்கி, எல்லார் முன்னாலும் கால்சட்டையை நனைத்துக்கொண்டவன் அவன். அப்படிப்பட்டவன் தலை குனிவானா?

நான் சங்க அலுவலகத்துக்கே போனேன். இந்த வயதில் இன்னொருவன் முன்னால் போய்க் கெஞ்சினேன். லியூபென் காபி போட்டுக் கொடுத்தான். "உயிரோட இருக்கறவருக்குக் குடுத்தா வரிசையே மாறிப்போயிடும் ராய்னா. எல்லா கிளப்புக்காரனும் கேள்வி கேப்பான். அவர் போகட்டும், மறுநாளே ஆறாம் டான். நான் என்ன கல்நெஞ்சனா?" என்றான். சொல்லிவிட்டு, பத்திரிகை ஆசிரியர் ஸ்த்ராவ்கோவைக் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டச் சொன்னான். பக்கம் தயாராக இருந்தது, மகனே. அப்பாவின் படம், கறுப்புக் கட்டம், 'மறைவுக்குப் பின் ஆறாம் டான்' என்ற தலைப்பு. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். ஸ்த்ராவ்கோ ரொம்ப மரியாதைக்காரன். "வியாழக்கிழமை அச்சுக்குப் போகுதும்மா. அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா ஒரு போன் பண்ணிடுங்க. இல்லேன்னா ரெண்டு மாசம் தள்ளிப் போயிடும், எனக்கே கஷ்டமா இருக்கு" என்றான். வியாழனுக்குள் உங்கள் புருஷன் சாவாரா என்று ஒருவன் முகத்துக்கு நேரே கேட்கிறான், நான் அவன் தந்த காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை தபால் நிலையத்துக்குப் போய் போன் செய்தேன். போயிட்டாரு என்றேன். கிராமத்தில் அடக்கம், சொந்தக்காரர்கள் மட்டும், யாரும் வர வேண்டாம் என்றேன். எப்படியும் போகப் போகிறவர், கொஞ்சம் முந்திச் சொன்னேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். "ஐயோ அம்மா" என்றான் ஸ்த்ராவ்கோ. அடுத்த மூச்சிலேயே, "இன்னிக்கா, நேத்தா?" என்று கேட்டான்.

பத்திரிகை வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசியிலிருந்து புரட்டினார், பட்டியலில் பெயர் இல்லை. முகம் செத்துப்போயிற்று. மூன்றாம் பக்கத்தை நான்தான் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நீயா சொன்னே?" என்றார். ஆமாம் என்றேன். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல நீ எனக்குச் செஞ்ச ஒரே நல்ல காரியம் இதுதான்டி" என்றார். இத்தனை வருடம் அவருக்குச் சமைத்ததும், ஒடிந்த தோள்பட்டைக்குக் கட்டுப் போட்டதும் எல்லாம் கணக்கிலேயே இல்லை. இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கே சிவப்புப் படுக்கை விரிப்பையும் வெள்ளைத் தலையணை உறையையும் வெட்டி ஒரு பட்டை தைத்துக் கொடுத்தேன். பைஜாமா மேல் கட்டிக்கொண்டிருக்கிறார். மெஷினுக்கும் அதோடுதான் போகிறார்.

சங்கத்துக்காரர்கள் நம் கட்டடத்து வாசல் கதவில் மரண அறிவிப்பும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழ்வீட்டு கின்கா அதைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே, இழவு வீட்டுக்குக் கொடுக்கிற கோதுமையை வேகவைத்து எடுத்து வந்தாள். கதவைத் திறந்தது உன் அப்பா. அவளுக்கு இன்னும் ஜன்னி தெளியவில்லை. கிழித்துப் போடலாம் என்றால் இவர் விடவில்லை. "ஆறாம் டான்னு போட்டிருக்குல்ல, இருக்கட்டும்" என்கிறார்.

இப்போது உடம்பு தேறி வருகிறது. மெஷின் ஒத்துக்கொள்கிறது, டாக்டரம்மாவே ஆச்சரியப்படுகிறாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. சங்கத்துக் கடிதத்துக்கு நன்றி என்று மட்டும் பதில் எழுதிவிடு. வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
ராய்னா


ரூசே,
21 ஏப்ரல் 1994

அன்பு மகன் பிளாமெனுக்கு,

உன் கடிதமும் புகைப்படமும் வந்தன. தாடி உனக்கு நன்றாக இல்லை. அப்பா பார்த்துவிட்டு, "சாமியாராகப் போறானாமா?" என்று கேட்டார். படத்தைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறார்.

செத்தவருக்கு நாற்பதாம் நாள் என்று ஒன்று இருப்பதை நான் மறந்தே போனேன். கிராமத்தில் அடக்கம் என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்தேன், நாற்பதாம் நாள் சங்கத்துக்காரர்கள் விதவையைப் பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டார்கள். லியூபென், ஸ்த்ராவ்கோ, பின்னால் இரண்டு பேர். கறுப்புக் கழுத்துப்பட்டை, மலர்வளையம், தோல்பைக்குள் எனக்குக் கொடுக்க ஆறாம் டான் சான்றிதழ். நான் கதவடியிலேயே மறித்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து, "யாருடி அது?" என்று உன் அப்பா குரல் கொடுக்கிறார்.

அவர் பட்டையைக் கட்டிக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்த்ராவ்கோ மலர்வளையத்தைக் கீழே போட்டுவிட்டான்.  லியூபென் பட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான். "மெத்தோதி, நல்லா இருக்கியா? சந்தோஷம். ஆனா இது செத்தவங்களுக்குக் குடுக்கற டான். நீ உக்காந்து சூப்பு குடிச்சுக்கிட்டிருக்கே. அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடறோம்: தவறான தகவல், ஐந்தாம் டானாகவே தொடர்கிறார். அவ்வளவுதான், பெரிசா எழுத மாட்டோம்" என்றான். அப்பா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. பட்டை முடிச்சைச் சரிசெய்துகொண்டே, இதழ் எப்போது அச்சுக்குப் போகிறது என்று கேட்டார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன், ஏப்ரல் 28 என்றான் ஸ்த்ராவ்கோ.

"அதுக்கு முன்னாடி நான் போயிட்டா?" என்று கேட்டார் உன் அப்பா.

லியூபென் சிரித்தான். "அப்பறம் திருத்தறதுக்கு என்ன இருக்கு? சந்தோஷமா விட்டுடுவேன்" என்றான். சான்றிதழைத் தோல்பைக்குள் வைத்துப் பூட்டினான். மலர்வளையத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும், வேண்டியிருக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.  

அடுத்த தடவை மெஷினுக்குப் போனபோது, இங்கே வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறார். பயந்துபோய்க் கேட்கிறார் என்று நினைத்து அவள், ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், அதனால் ஒழுங்காக வந்துவிடுங்கள் என்று புத்தி சொல்லியிருக்கிறாள். இவர் நாட்காட்டியை எடுத்துப் பெரிய வியாழனிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை. நடுவில் நன்றாகச் சாப்பிட்டார், உப்புப் போட்ட சீஸ்கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போன வெள்ளிக்கிழமை கீழே ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தபோது, வரவில்லை என்று சொல்லச் சொன்னார்.

நான் கத்தினேன். காலைப் பிடித்தேன். டிரைவர் தோஷோவை மேலே கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். ஜன்னலடியில் இருக்கும் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டார், ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. தோஷோ, "இவரு நம்மள கவுத்துப் போட்டுடுவாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். திங்கட்கிழமையும் இதே கூத்துதான். நானே போய் லியூபென் காலில் விழட்டுமா என்று கேட்டேன். "வாழ்க்க முழுக்க விழுந்து விழுந்து எந்திரிச்சாச்சு. இந்த ஒரு தடவ எந்திரிக்காம ஜெயிக்கறேன், விடு ராய்னா" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு எதிர்த்துப் பேச வராது என்று அவருக்குத் தெரியும்.

நேற்று புதன்கிழமை. ஹாரன் அடித்தது. நானே கீழே போய், இனிமேல் வர வேண்டாம் என்று தோஷோவிடம் சொல்லிவிட்டேன்.

ஸ்த்ராவ்கோ தினமும் காலையில் வந்து விசாரித்துவிட்டுப் போகிறான். திருத்தமும் தயாராம், அது தேவைப்படாவிட்டால் அந்த இடத்தில் போட ஒரு பாய்க் கம்பெனி விளம்பரமும் தயாராம். இன்று வாசலில் நின்று, "நீங்க கவலப்படாதீங்கம்மா, கடைசி நிமிஷம் வரைக்கும் பக்கத்தைத் திறந்தே வெச்சிருப்பேன்" என்றான். கருணையோடுதான் சொன்னான். கையில் கிடைத்த துடைப்பத்தால் அடித்தேன். அப்படியும் நாளைக்கு வருவான்.

அப்பாவின் கால் இரண்டும் வீங்கிவிட்டன. பேச்சு குழறுகிறது, ஆனால் நினைவு தப்பவில்லை. பட்டை இப்போது இடுப்பைச் சுற்றவில்லை, மேலே போட்டு வைத்திருக்கிறேன். மெஷினுக்குப் போனால் இன்னும் எவ்வளவு நாள் என்று டாக்டரம்மாவைத் தனியாகக் கேட்டேன். ஒரு வருடம் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம் என்றாள். ஒரு வருடம் ஐந்தாம் டானாக, லியூபென் சிரிப்பதை நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அந்த வருடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. இது அவர் மேல் உள்ள பாசமா, லியூபென் மேல் உள்ள வெறியா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. அந்த ஆறாம் டானைக் கொடுத்ததும் நான்தான். அதை அவர் கையிலிருந்து பிடுங்க என்னால் ஆகவில்லை.

நேற்று மாலை என்னிடம், "பிளாமெனுக்குச் சொன்னியா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன், ஈஸ்டர் முடிந்து வருவான் என்றேன். தலையை ஆட்டினார். அதிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

அவர் உன் பேச்சு ஒன்றைத்தான் கேட்பார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீ வந்து, வாங்கப்பா போகலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிடுவார். அதனால்தான் நான் உனக்கு போன் செய்யவில்லை. இந்தக் கடிதத்தையும் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். ஈஸ்டர் நெரிசலில் பத்து நாளுக்குக் குறையாது என்று தபால்காரரிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

ரயிலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வா, உனக்குத் தலைசுற்றும். என்ன திட்ட வேண்டுமோ வந்து நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பட்டினி கிடக்காதே, மகனே. முதலில் எழுந்து போய் ஏதாவது சாப்பிடு.

உன் அம்மா,
ராய்னா