பிள்ளை வளர்த்த வருடங்கள்

அன்புள்ள டெஸ்மண்ட்,

இங்கே ஹல் நகரில் ஒரு வாரமாக மழை. அரசு ஓய்வூதியம் எனக்கு எவ்வளவு வரும் என்று அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன்.

“பிள்ளை வளர்த்த வருஷங்களையும் ஓய்வூதியக் கணக்குல சேர்த்திருக்கோம்மா. பிள்ளை பெரிசாகுற வரைக்கும் சேர்க்கலாம், ஆனா உங்களுக்கு நாலு வருஷத்தோட நின்னுடுது. மிச்சம் விட்டுப்போச்சா?” என்றாள் போனை எடுத்த பெண்.

“விட்டுப்போகலம்மா. அவ அவ்வளவுதான் உயிரோட இருந்தா” என்றேன்.

முழுத் தொகை வராது என்றாள். பரவாயில்லை என்றேன்.

நம் குழந்தையின் பெயர் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். “ரோவெனா” என்று வாசித்தாள். நீ என்னைப் பிரிந்து போன பிறகு அந்தப் பெயரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மனைவியாக இருந்தவள்