நான் திட்டினால் ஓடும் மெஷின்

ஜூன் 3, செவ்வாய்

சேவை செய்கிறேன் பேர்வழி என்று கடல் தாண்டி வந்து, ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா போனில், "நம்ம வீட்டுல ஒரு கைக்குட்டை துவைச்சிருப்பியாடீ நீ?" என்று கேட்டாள்.

எல்லாம் என் சிநேகிதி ஜெபக்காரியால் வந்த வினை. ஒண்ணாங்கிளாஸிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் கடவுளை நம்பி வந்தாள், நான் அவளை நம்பி வந்தேன்.

இங்கே ஒரு வழக்கம். இருப்பது ஒரே ஒரு வாஷிங் மெஷின், அதுவும் சண்டி. அதனால் அதைப் போடுவதற்கு முன் எங்களில் ஒருத்தி ஜெபம் செய்ய வேண்டும். முதியவர்கள் எல்லாரும் சக்கர நாற்காலியில் வந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

ஜூன் 5

அவள் முறை. மண்டியிட்டு, உருகி உருகி, கண்ணீர் விட்டு ஜெபித்தாள். மெஷின் அசையவில்லை.

ஜூன் 6

என் முறை. எனக்கு எங்கே ஜெபம் தெரியும்? கை நிறைய ஈர விரிப்பு, இடுப்பு வலி வேறு. வந்த எரிச்சலில் தமிழில் ஆரம்பித்தேன். "ஏ சனியனே, ஓடித் தொலையேன். உன்னால என் லீவே நாசமாப் போச்சு."

ஓடியது!

இங்கே தமிழ் புரிகிற ஒரே ஆள் அவள்தான். மற்ற எல்லாரும் "ஆமென்" என்றார்கள். பொறுப்பாளர் அம்மாள் ஓடிவந்து என் கையை முத்தமிட்டார்.

ஜூன் 10

மறுபடி அவள் முறை. ஓடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். "மூதேவி" என்றேன், ஓடியது.

இப்போது மூட்டுவலிக்காரர்கள் எல்லாம் என்னைத் தேடி வருகிறார்கள். ஒரு பெரியவர் ஓடாத தன் காது மெஷினைக் கொண்டுவந்து நீட்டினார். இதையும் திட்டணுமா? பேட்டரியை மாற்றிக் கொடுத்தேன். அதுவும் அற்புதம் ஆகிவிட்டது.

ஜூன் 11

ஜெபக்காரி என்னோடு பேசவில்லை.

ஜூன் 13

பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"நான் மனசு உருகிக் கேக்கிறேன், காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறார். நீ மூதேவிங்கிற, உடனே ஓடுது. அப்ப இத்தனை வருஷமா நான் யாருகிட்டடீ பேசிட்டிருந்தேன்?"

பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். ஞாயிறு காலை கிளம்புகிறாளாம். சாப்பிட உட்கார்ந்தவள் ஜெபம் பண்ணாமலே கரண்டியை எடுத்தாள். கடவுள் இல்லை என்று காலமெல்லாம் அவளிடம் மல்லுக்கு நின்றவள் நான். இப்போது ஜெயித்துவிட்டேனா? இப்படியா ஜெயிக்க வேண்டும்? அவள் இல்லாமல் எனக்கு இங்கே என்ன வேலை?

ஜூன் 14

கண்டுபிடித்துவிட்டேன்!

யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், தள்ளிக் கைகட்டி நின்று மெஷினைத் திட்டினேன். எழுத முடியாத வார்த்தை எல்லாம் திட்டினேன். ம்ஹூம். கடுப்பாகி, கால்முட்டியால் மெஷின் கதவை ஓர் அமுக்கு அமுக்கினேன் — ஓடியது. கதவுக் கொக்கி தேய்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். கோபம் வந்தால் என் முட்டி தானாகக் கதவில் போய் இடித்திருக்கிறது. அவள் பாவம், மரியாதையாகத் தள்ளி மண்டியிட்டிருக்கிறாள்.

மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்னேன். "வெறும் கொக்கிடீ! உன் சாமி மேல ஒரு தப்பும் இல்ல!" சாமிக்கு வக்காலத்து, நான்! அவள் சிரிக்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

பொறுப்பாளர் அம்மாளிடம் கொக்கியைக் காட்டி, அரைகுறை ஆங்கிலத்திலும் முழுச் சைகையிலும் விளக்கினேன். நன்றாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, குனிந்து என் முட்டிக்கு முத்தம் கொடுத்தார். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. பெட்டியோடு கிளம்பிய ஜெபக்காரி வாசலுக்குப் போகாமல் நேரே துவைக்கும் அறைக்குள் வந்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். மண்டியிட்டாள். வழக்கம்போல நாற்காலிகள் எல்லாம் உருண்டு வந்தன.

"ஆண்டவரே, பக்கத்துல நிக்கிறாளே, இது உங்களை நம்பாது. வாயைத் திறந்தா சாபம்தான். ஆனா நான் போறேன்னதும் ராத்திரி பூரா அழுதிருக்கு, மூஞ்சியைப் பாருங்க. இதை என்கூடவே அனுப்பினதுக்கு..." கண்ணைத் திறக்காமலே என் பக்கம் திரும்பி, "முட்டியை வைடீ, எருமை" என்றாள்.

வைத்தேன்.

எல்லாரும் "ஆமென்" என்றார்கள். டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.