சுவரில் மூன்று நிறம்

9.11.81 திங்கள். விடிந்தது முதல் மழை.

என் கணவர் மௌத்தாகி இன்று நாற்பது நாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓத வீட்டில் இருந்தவர்கள்: நான். மகள் நிஹாறா. என் தம்பி, அவன் மனைவி. ஓதிக்கொடுக்க வந்த லெப்பைமார் இருவர். அடுத்த வீட்டு ராத்தா. நிஹாறாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் உம்மா, அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் நனைந்துகொண்டு. வேறு யாரும் இல்லை. ஆண்கள் முன் மண்டபத்தில் ஓதினார்கள். நான், புருசன் போனவள் மறைந்திருக்க வேண்டிய இத்தாவில், அறைக்குள், திரைக்குப் பின்னால்.

இல்லாதவன்: மகன் றபீக். ஜித்தாவில். வாப்பாவின் முகத்தையும் காணவில்லை, கபுறையும் காணவில்லை.

இத்தாவில் நாற்பது நாள் போயிற்று. மீதி மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவு.

மாப்பிள்ளையின் உம்மா புறப்படும்போது என் அறைக்குள் வந்து காதோடு சொன்னா: "இத்தா முடிஞ்ச கையோட கலியாணத்த வெச்சிருவம் மதினி. வீட்டுக்கு ஒரு குறையும் இல்ல. அந்தக் குளிக்கிற அறைக்கி மட்டும் ஒரு பெயின்ற அடிச்சி உடுங்க. வெறும் சீமெந்தாக் கிடக்கு."

தப்பாகச் சொல்லவில்லை. வீடு நிஹாறாவுக்கு எழுதியாகிவிட்டது. மாப்பிள்ளை வந்து இருக்கப் போகிற வீடு. பூசத்தான் வேண்டும்.

சாப்பாட்டுச் சஹன் தட்டு ஐந்து கழுவி அடுக்கினோம். ஒன்று விளிம்பு உடைந்தது.

10.11.81 செவ்வாய். தூறல்.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

அந்தக் குளிக்கிற அறை அவர் கட்டிய கடைசி வேலை. பூச்சுக் காய்ந்ததும் கல்முனைக் கடையில் மூன்று நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு, மருந்துப் போத்தல்களில் கொண்டுவந்தார். பச்சை, நீலம், ரோசா. சுவரில் உள்ளங்கையளவு மூன்றையும் பக்கம் பக்கமாகப் பூசினார். நெஞ்சுயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எனமல், மேலே சுண்ணாம்பு.

"நிறத்த நீதான் சொல்லோணும்கா. மகள்ட கைக்குப் போறத்துக்கு முந்தி நாம ரெண்டு பேரும் கொஞ்ச நாள் குளிச்சிப் பாப்பம்."

நான்: "நெல்லு அவிக்கிற நேரத்துலதான் நிறமா உங்களுக்கு? நாளைக்கிப் பாப்பம்."

நான்கு நாள் கேட்டார். நான்கு நாளும் அதே பதில். ஐந்தாம் நாள் விடியச் சுபஹு தொழ எழும்பவில்லை.

அன்றைக்கும் மழை. கிணற்றடி திறந்த வெளி, மறைப்பும் சரிந்து கிடந்தது. தம்பிதான் சொன்னான், மையித்தைப் புது அறையில் வைத்துக் குளிப்பாட்டுவோம் என்று. கட்டினவரே அங்கே முதல் குளித்தார்.

அதன் பிறகு அந்தக் கதவை நான் திறக்கவில்லை. நிஹாறாவும் இல்லை. இந்த மழையிலும் பிள்ளை கிணற்றடியில்தான் குளிக்கிறாள். நேற்றிலிருந்து தடிமன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.

12.11.81 வியாழன். வெயில். நெல் காயப் போட்டோம்.

றபீக்கின் கடிதம். தந்திக்குப் பிறகு வந்த இரண்டாவது. இரண்டு தரம் வாசித்தேன், மூன்றாம் தரம் ஏலவில்லை. ஒரு இடம் மட்டும் இதில் எழுதுகிறேன்:

"உம்மா, தந்தி வந்து பதினொரு நாளைக்குப் பிறகு வாப்பாவின் கடிதம் வந்தது. உறையில் அவருடைய கையெழுத்து. நான் இன்னும் உடைக்கவில்லை. உடைத்தால் அதோடு முடிந்துவிடும் போல் இருக்கிறது. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்."

அந்தக் கடிதம் எனக்குத் தெரியும். மௌத்துக்கு முதல்நாள் பின்னேரம் எழுதினார். உறைக்குப் பசை தடவும்போது, "வாசிச்சுப் பாக்கப் போறயாகா எழுத்துக்காரி?" என்று கேட்டார். றபீக்கின் பள்ளிப் புத்தகத்தில் நான் எழுத்துப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அடுப்பில் பால். "அவனுக்குத்தானே, நீங்களே ஒட்டுங்க" என்றேன்.

கடிதத்தை மடித்துக் குர்ஆன் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

16.11.81 திங்கள். மந்தாரம்.

காரைதீவிலிருந்து பெயின்ற் அடிக்கிற வடிவேல் வந்தார். தம்பி சொல்லிவிட்ட ஆள். மௌத்தானவரோடு பழகினவர், அவரைக் காக்கா என்று கூப்பிடுகிறவர். அறைக்குள் இருந்து நான் நிஹாறாவிடம் மெதுவாகச் சொல்ல, அவள் போய் அவரிடம் சொல்ல, அவர் சொல்வது திரைக்கு இந்தப் பக்கம் தானாகவே கேட்கிறது.

"என்ன நிறம் பிள்ள?"

"உம்மா நாளைக்கிச் சொல்றாவாம்."

"நல்லது. நாளைக்கும் நாளைக்கிண்டா நான் பாய் கொண்டு வந்து இங்கேயே படுக்கிறன்."

நிஹாறா சிரித்துவிட்டாள். இத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

செய்யக்கூடிய வேலையைத் தொடங்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். சுவரில் இன்னின்னது இருக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் அல்லவா நினைவு வரும்.

நடுப்பகல் லுஹர் தொழுது ஸலாம் கொடுக்கும்போது சுண்ணாம்பு மணம். அப்போதுதான் சுவரில் இருந்த மூன்று நிறமும் நினைவு வந்தது. நிஹாறா கிணற்றடியில். கூப்பிட வேண்டுமானால் சத்தம் போட வேண்டும். இத்தாவில் இருக்கிறவளின் குரலை அந்நிய ஆண் கேட்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். வாயைப் பொத்திக்கொண்டு திரையைப் பிடித்தபடி நின்றேன். வாளிக் கைபிடி சத்தம், தூரிகை சத்தம், எல்லாம் கேட்டது.

நிஹாறா வந்து, நான் சொல்லி, அவள் ஓடினபோது நாலு சுவரும் வெள்ளை.

"முதல்ல ஒரு சுண்ணாம்பு இழுத்துட்டுத்தானே பிள்ள எந்த நிறமும் அடிக்கிற. நிறப் பொட்டு மூணு கிடந்திச்சுத்தான். ஒண்டுக்குப் பக்கத்துல பென்சிலால சரி அடையாளம் போட்டும் கிடந்த."

"எதுக்குப் பக்கத்துல?"

வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அத நான் கவனிக்கல்லயே மகள். காக்கா போட்டதா? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வாளியத் தொட்டிருக்க மாட்டனே."

வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டார். அவரில் பிழை இல்லை.

அவர்தான் சரி அடையாளம் போட்டிருக்கிறார். கேட்டுக் களைத்துத் தானே ஒன்றைத் தெரிவு செய்திருக்கிறார். நாற்பது நாளுக்கு மேல் அது அந்தச் சுவரில் இருந்திருக்கிறது. என் படுக்கையிலிருந்து பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும்.

குரல் சங்கதி எந்த மார்க்கக் கிதாபில் இருக்கிறது என்று தேட வேண்டும்.

17.11.81 செவ்வாய்.

சுபஹுக்குப் பிறகு கதவைத் திறந்தேன். பிஸ்மி சொல்லி வலது காலை வைத்து, பிறகு குளிக்கிற அறைக்கு இடது கால்தான் முதலில் என்று நினைவு வந்து காலை எடுத்து இடதை வைத்தேன். வெறும் அறைதான். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது.

சுவரை ஈரச் சீலையால் தேய்த்தேன். சுண்ணாம்பு இன்னும் பிடிக்கவில்லை. பச்சை வந்தது. நீலம் வந்தது. ரோசா அரைவாசி. பென்சில் வரவில்லை. கோடும் இல்லை, சரியும் இல்லை. தேய்த்ததில் கடைசியாக இருந்ததும் போயிருக்கும்.

நிஹாறா வாசலில் நின்று பார்த்தாள்.

"எதயாவது அடிங்க உம்மா. மூணும் வடிவுதான்."

"ஓம்கா, மூணும் வடிவுதான். அவர் சரி போட்டது ஒண்டுதானே."

அவள் உள்ளே வந்தாள். என் கை காலெல்லாம் சுண்ணாம்பு, எரிகிறது. கிணற்றில் ஒரு வாளி அள்ளி வந்து அங்கேயே என் கையைக் கழுவிவிட்டாள், சின்னப் பிள்ளைக்குக் கழுவுகிற மாதிரி. தண்ணீர் ஓட்டையைத் தேடி ஒழுங்காக ஓடியது. தரைக்கு வாட்டம் சரியாக வைத்திருக்கிறார்.

வடிவேலுக்குத் தம்பியிடம் சொல்லி அனுப்பினேன்: வேலை நிற்கட்டும். நான் ஆள் அனுப்பும்போது வரட்டும்.

19.11.81 வியாழன். மழை.

றபீக்குக்கு இன்று தபாலில் போட்டது. பிரதி:

"அன்பு மகன் றபீக்குக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நிஹாறாவும் சுகம். அவளுக்குத் தடிமன், இப்போது குறைவு.

மகனே, வாப்பாவின் கடிதத்தை உடை. உனக்கு ஏலாது என்று தெரியும். எனக்கும் ஒரு கதவைத் திறக்க ஏலாமல் கிடந்தது. திறக்கப் பிந்தியதில் ஒன்றை இழந்துவிட்டேன். இரவில் எழும்பித் தஹஜ்ஜுத் தொழுதுவிட்டு உடை, அல்லது கூட இருக்கிறவர்களில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உடை.

முழுவதையும் எனக்குச் சொல்ல வேண்டாம். அது உனக்கு எழுதியது. குளிக்கிற அறையைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பார். பச்சையா, நீலமா, ரோசாவா. ஒன்றும் எழுதவில்லையென்றால் அதையும் எழுது. அப்போது நிறத்தை நானே சொல்வேன், இந்த முறை பிந்த மாட்டேன்.

சுவர் வெள்ளையாக நிற்கிறது. சுணங்காமல் பதில் போடு."